கடலோரத்தில் கலைஞருக்கு ஒரு சொந்தச் சுவர்

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. அந்தத் திறனுக்கு நிலையான இடமும் நியாயமான விலையும்தான் வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே கவலையோடு இருந்த ஓவியர்கள் சிலர், துணிக்குச் சாயம் ஏற்றி விற்ற காசில் சென்னைக்குத் தெற்கே கடற்கரை மணலை வாங்கினார்கள். அந்தக் கதையை இந்தக் கரை இப்போது கேட்டாக வேண்டும்.

பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் பாவு போடும் நாளென்றால், பொழுது புலரும்போதே ஆட்கள் கூடிவிடுவார்கள். பாவு நூலைத் தெருவில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சி பூசுவார்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்குள், இருபுறமும் நின்று பெரிய பிரஷ்ஷால் ஒரே வீச்சில் நீவிக்கொண்டே நடப்பார்கள். தேங்காயெண்ணெய் தடவி மறுபடியும் நீவுவார்கள். வெயில் ஏறுவதற்குள் இழை இழையாக நூல் காய்ந்து நிற்க வேண்டும். நடுவில் மழை வந்தால் அன்றைய பாடு அத்தனையும் வீண். மழைக்கு முந்தி முடிக்க வேண்டுமென்ற அவசரம் எல்லோர் முகத்திலும் இருக்கும். ஆனால் கை மட்டும் நிதானம் தப்பாது.

அந்தப் பாவு பிறகு குழித்தறியில் ஏறுகிறது. தறிக்காரர் பள்ளத்தில் கால்விட்டு உட்கார்ந்து மிதிக்கிறார். நாடாவைக் கையாலேயே எறிந்து பிடிக்கிறார். கரையில் கசவு எனும் ஜரிகை இழை ஓடுகிறது. முடிந்த துணியைப் புரட்டிப் பார்த்தால் எது முன்புறம், எது பின்புறம் என்று தெரியாது. பாலராமபுரத்துத் துணியின் அடையாளமே அதுதான்.

இந்தத் துணியை நாம் கல்யாணத்துக்கு உடுத்துகிறோம், ஓணத்துக்கு உடுத்துகிறோம், பிறகு மடித்துப் பெட்டியில் வைக்கிறோம். நெய்தவர் பெயரைக் கேட்டதில்லை. ஓவியத்தின் மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் நாமே, துணியின் மூலையில் அப்படித் தேடுவதில்லை. எல்லைக் கடலோரத்துக்கு ஒரு கலைக்கூடம் வேண்டும் என்ற பேச்சை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். படம் மாட்ட நாலு சுவர் கட்டினால் மட்டும் அது கலைக்கூடம் ஆகிவிடாது. செய்தவர் யார், விலையை வைப்பவர் யார், நிலம் யார் பேரில் இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் கலைஞர்களே விடையாக நிற்கும் இடம்தான் கலைக்கூடம்.

கை இருக்கிறது, காட்சி எங்கே?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவும் திவான் உம்மிணித் தம்பியும் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து குடியமர்த்திய ஊர் பாலராமபுரம். இன்று நெய்யாற்றின்கரை வட்டத்தில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அரண்மனைக்கு நெய்ய வந்தவர்களின் வழியில் வந்தோர் இன்றும் தெருப்பேச்சில் தமிழை விடவில்லை. 2009-10இல் பாலராமபுரம் சேலைக்கும் நயமான பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விசைத்தறியில் ஓடி வரும் மலிவுக் கசவுத் துணி அதே பெயரைச் சொல்லிக்கொண்டு பக்கத்துக் கடையிலேயே தொங்குகிறது. வாங்குபவருக்கு வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்க ஓர் இடம் இருந்தால் குறியீட்டுக்கு உயிர் வரும்.

அங்கிருந்து தெற்கே இறங்கினால் பூவார். நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகம். அதைத் தாண்டினால் பொழியூர், கொல்லங்கோடு, நீரோடி. கேரளம் எங்கே முடிந்து தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்று மணலைப் பார்த்துச் சொல்ல முடியாது. கரையேற்றி வைத்த வள்ளங்களின் முகப்பில் மாதாவும் சிலுவையும் மீனும் பளிச்சென்ற நிறத்தில் இருக்கின்றன. பெயர்கள் சிலவற்றில் மலையாளத்தில், சிலவற்றில் தமிழில். உப்புத்தண்ணீரில் அடிபடும் பெயின்ட்டை மறுபடி மறுபடி தீட்டும் கைகள் இந்த ஊர்களில் இருக்கின்றன. அவர்களை யாரும் ஓவியர் என்று அழைப்பதில்லை.

எல்லையைத் தாண்டிக் குமரி மாவட்டத்துக்குள் போனால் மயிலாடியில் உளிச்சத்தம், வடசேரியில் கோயில் நகைவேலை. இந்தப் பக்கம் செங்கல் கிராமத்தில் நூற்றுப் பதினோரு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிவலிங்கத்தைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. மக்கள் பார்க்க வருவார்களா என்ற சந்தேகத்துக்கு அந்தக் கூட்டமே பதில்.

கலை படிக்கும் பிள்ளைகளுக்கும் குறைவில்லை. திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியின் வேர் 1888இல் தொடங்கிய பள்ளியில் இருக்கிறது. சென்னைக் கலைக் கல்லூரி அதற்கும் மூத்தது, 1850இல் பிறந்தது. பாறசாலையில் ரயில் ஏறும் பிள்ளைக்கு இரண்டு நகரமும் எட்டும் தூரம்தான். படித்து முடித்துத் திரும்பி வரும்போதுதான் சிக்கல். வரைந்ததை எங்கே மாட்டுவது? யார் வாங்குவார்கள்? கொஞ்ச நாளில் அந்தக் கை விளம்பரப் பலகைக்கோ பள்ளிக்கூட டிராயிங் வகுப்புக்கோ வேறு ஊருக்கோ போய்விடுகிறது.

---

பெட்டிச் செய்தி: கரையோரம் கலை நின்ற இடங்கள்

● விழிஞம் குடைவரைக் கோயில்: எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. ஆய் மன்னர்களின் துறைமுக ஊர். வெளிச்சுவரில் சிவன், பார்வதி உருவங்கள் முற்றுப்பெறாமல் நிற்கின்றன.

● சித்திரக் கலைக்கூடம், திருவனந்தபுரம்: சித்திரைத் திருநாள் மன்னர் காலத்தில் 1935இல் திறக்கப்பட்டது. அருங்காட்சியக வளாகத்தில் ரவிவர்மாவுக்கெனப் புதிய கூடம் 2023இல் வந்தது.

● சோழமண்டலம் ஓவியர் கிராமம், இஞ்சம்பாக்கம்: 1966.

● சாகரகன்யகா, சங்குமுகம்: கானாயி குஞ்ஞிராமனின் பிரம்மாண்டச் சிற்பம், 1990களின் தொடக்கம்.

● தட்சிணசித்ரா, முட்டுக்காடு: 1996.

● கொச்சி-முசிறி பினாலே: முதல் காட்சி 12.12.2012.

● கேரள கலை, கைவினைக் கிராமம், வெள்ளார் (கோவளம் அருகே): 2021.

---

இஞ்சம்பாக்கம் மணலில் நடந்தது

தொடக்கத்தில் சொன்ன ஓவியர்களின் ஆசிரியர் கே.சி.எஸ். பணிக்கர், 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957இல் முதல்வரானவர். 1944லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர். அவரை உறுத்திய விஷயம் ஒன்றுதான். நல்ல கை உள்ள மாணவர்கள் படிப்பு முடித்து வெளியே போனதும் வயிற்றுப்பாட்டுக்காக வரைவதையே விட்டுவிடுகிறார்கள். அன்றைய சென்னையில் நவீன ஓவியம் வாங்குவோர் சொற்பம். பம்பாய்க்கும் டெல்லிக்கும் இருந்த சந்தை இங்கே இல்லை.

அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி பத்திக். துணியில் சூடான மெழுகால் கோடு இழுத்து, சாயத்தில் முக்கி எடுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு காய்ந்து விரிசல் விட்ட இடங்களில் மட்டும் சாயம் மெல்லிய நரம்பாக உள்ளே இறங்கும். மெழுகை உருக்கி எடுத்துவிட்டால் உருவம் தெளியும். அந்த நரம்பு எப்படி ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் ஒன்றுபோல் இன்னொன்று அமையாது. 1960களின் தொடக்கத்தில் இந்தத் துணிகள் நன்றாகவே விற்றன. கலைஞர்கள் தங்களுக்குள் ஒரு கைவினைச் சங்கம் அமைத்து, விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். அந்தச் சேமிப்பில்தான் சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில், கடலை ஒட்டி, பத்து ஏக்கருக்குள் அடங்கும் சவுக்குத்தோப்பு மணல்நிலம் வாங்கப்பட்டது. 1966இல் சோழமண்டலம் பிறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அரசு மானியத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பது. ஒரு பெரும்பணக்காரர் தானம் கொடுக்கவும் இல்லை. காலையில் துணி, மாலையில் கான்வாஸ் என்று வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆரம்ப ஆண்டுகளில் கீற்றுக் குடிசை. மின்சாரம் இல்லை. பேருந்து எப்போதாவது வரும். சுற்றிலும் மீனவர் குப்பங்கள். அந்த நிலையிலும் திறந்தவெளி அரங்கு அமைத்து நாடகமும் கவிதை வாசிப்பும் நடத்தினார்கள். பத்தே ஆண்டில் சொந்தக் காலில் நின்ற கிராமமாக அது பெயர் வாங்கியது.

அங்கே கூடியவர்களின் ஊர்களைப் பார்த்தால் இந்த எல்லைப் பகுதிக்கு அந்தக் கதை எவ்வளவு நெருக்கம் என்பது புரியும். பணிக்கரோடு கே.வி. ஹரிதாசன், வி. விஸ்வநாதன், ஜெயபால பணிக்கர், அக்கித்தம் நாராயணன் ஆகிய மலையாளிகள், சேனாதிபதி போன்ற தமிழர்கள், மைசூரிலிருந்து எஸ்.ஜி. வாசுதேவ்; ஆந்திரத்திலிருந்து ரெட்டப்ப நாயுடு; இன்னும் ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், பி.எஸ். நந்தன், அர்ணவாஸ், அனிலா ஜேக்கப். நாலு தென்மொழியும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தன. விஸ்வநாதன் கொல்லத்துக்காரர், பிறகு பாரிஸில் தங்கிவிட்டவர். ஹரிதாசன் பின்னாளில் திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரிக்கே முதல்வராகப் போனார். சோழமண்டலத்து அனுபவம் அப்படிக் கேரளத்துக்குத் திரும்பி வந்தது.

பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கான்வாஸ் முழுக்க எழுத்துப் போன்ற கோடுகள், ஜாதகக் கட்டங்கள், எண்கள், சின்னச் சின்ன உருவங்கள். மலையாள எழுத்தின் வளைவு தெரியும், வாசிக்கப் போனால் வார்த்தை இருக்காது. படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் அந்தப் படத்தின் முன் ஒரே நிலையில் நிற்கிறார்கள். நவீனக் கலை என்றால் மேல்நாட்டைப் பார்த்து வரைவது என்றிருந்த காலத்தில், நம் வீட்டு ஓலைச்சுவடியிலும் பஞ்சாங்கத்திலும் இருந்தே அதை எடுக்கலாம் என்று காட்டியவர் அவர். 1977இல் மறைந்தார். அவரது ஓவியங்களுக்கென ஒரு தனிக்கூடம் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது.

தறிக்கும் தூரிகைக்கும் இருந்த உறவு சோழமண்டலத்தோடு நிற்கவில்லை. சென்னை நெசவாளர் சேவை மையத்தில் ரெட்டப்ப நாயுடுவும் கே.எம். ஆதிமூலமும் வேலை பார்த்தார்கள். கைத்தறிக்கு வடிவம் வரைந்து கொடுத்த அதே கை, மாலையில் மை தொட்டது. தமிழ் இதழ்களின் பக்கங்களில் ஆதிமூலத்தின் கோடுகளைப் பார்த்து வளர்ந்த வாசகர்கள் நாம். அந்தக் கோட்டுக்குச் சோறு போட்டதில் தறிக்கும் பங்கு உண்டு.

பாலராமபுரத்துத் தறியும் பொழியூர் வள்ளத்து பெயின்ட்டும் நுண்கலைக் கல்லூரிப் பட்டதாரியின் கான்வாஸும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்வது இதனால்தான். ஒன்று மற்றொன்றைத் தாங்கும்.

சாலை வந்தால் நிலம் போகும்

சோழமண்டலத்தின் அடுத்த அத்தியாயம் நிலத்தைப் பற்றியது. 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்று விரிந்தபோது இஞ்சம்பாக்கம் நகரத்தின் வாசலாகிவிட்டது. சவுக்குத்தோப்பு இருந்த இடங்களில் பங்களாக்களும் கேளிக்கைப் பூங்காக்களும் எழுந்தன. இன்று ஒரு இளம் ஓவியர் அந்தச் சாலையில் ஒரு மனை வாங்குவதைக் கனவிலும் நினைக்க முடியாது. சோழமண்டலம் மட்டும் அங்கே நிற்கிறது என்றால், சாலை வருவதற்கு முப்பது ஆண்டு முன்பே நிலம் கலைஞர்களின் பேரில் பதிவாகிவிட்டதால்தான். 2009இல் அங்கே தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னைக் கலை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே நிரந்தரமாக இருக்கின்றன. வாடகைக்கு விடும் காட்சிக்கூடங்களும் உண்டு. பணிக்கரின் மகன் சிற்பி நந்தகோபால் அதற்காக உழைத்தவர்.

முதல் தலைமுறையின் வீடுகளில் அடுத்த தலைமுறை வரும்போது எல்லோரும் ஓவியராக இருப்பதில்லை என்ற கேள்வி அங்கேயும் உண்டு. நிலத்தை வாங்கும்போதே அது யாருக்கு, எதற்கு, எத்தனை தலைமுறைக்கு என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம்.

இப்போது எல்லைக் கரையைப் பாருங்கள். நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடலோரத்தில் விழிஞம் சர்வதேசத் துறைமுகம் 2025 மே 2ஆம் தேதி முறைப்படி திறக்கப்பட்டது. 2024 ஜூலையிலேயே முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்துவிட்டது. துறைமுகத்துக்குப் பின்னாலேயே சாலை, கிடங்கு, ஓட்டல், குடியிருப்பு எல்லாம் வரும். நிலத்தின் விலை ஏறும். பொழியூர், பூவார் பக்கத்துக் குடும்பங்கள் ஒருபுறம் கடலரிப்புக்கு வீட்டைக் கொடுத்துக்கொண்டே மறுபுறம் இந்த விலையேற்றத்தையும் பார்க்கப்போகின்றன. இஞ்சம்பாக்கத்தில் 1990களில் நடந்தது இங்கே இந்தப் பத்தாண்டில் நடக்கும். கலைக்கூடத்துக்கு நிலம் வேண்டுமென்றால் இப்போதே வாங்க வேண்டும். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் காட்சிக்கூடம் ஒரு ஓட்டலின் வரவேற்பறைச் சுவராகத்தான் கிடைக்கும்.

வெள்ளாரும் இரிங்ஙலும்

கேரளத்தில் இதற்கு ஒரு முன்னோட்டம் இருக்கிறது. கோழிக்கோடு மாவட்டம் இரிங்ஙலில், மூராட்டுப் புழையோரம், கல்லுடைத்துக் கைவிடப்பட்ட குவாரியைச் சுற்றி 2011இல் சர்காலயா கைவினைக் கிராமம் உருவானது. அதை நடத்துவது ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலில் 1925இல் கூலித் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. இன்று பாலங்களும் நெடுஞ்சாலைகளும் கட்டுகிறது.

அதே சங்கத்தின் பொறுப்பில் கோவளத்தை அடுத்த வெள்ளாரில் கேரள கலை, கைவினைக் கிராமம் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. எட்டரை ஏக்கர். 28 பணிக்கூடங்கள். பார்க்க வருபவர் கைவினைஞரின் எதிரே உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம், அங்கேயே வாங்கலாம். பாறசாலையிலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

நல்ல முயற்சி. மனமாரப் பாராட்ட வேண்டியது. ஆனால் சோழமண்டலத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளாரில் இடம் அரசினுடையது, நிர்வாகம் ஒப்பந்தத்தில் வந்தது, கைவினைஞர் அங்கே பணிக்கூடம் பெற்றிருப்பவர். இஞ்சம்பாக்கத்தில் கலைஞரே நிலத்துக்கு உடைமையாளர். அரசு மாறினாலும் ஒப்பந்தம் முடிந்தாலும் அவரை யாரும் எழுப்பிவிட முடியாது. எல்லைக் கரைக்கு ஊராளுங்கலின் நிர்வாகத் திறமையும் சோழமண்டலத்தின் உடைமை உரிமையும் சேர்ந்து வேண்டும். பாலராமபுரத்துக்குக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் புதிதல்ல. பங்கு போட்டுச் சங்கம் நடத்தும் பழக்கம் இந்த மண்ணில் ஏற்கெனவே ஊறியது.

சங்குமுகத்தின் எச்சரிக்கை

கடலோரத்தில் கலையை நிறுத்துவது ஒரு நாள் விழாவோடு முடிகிற காரியம் அல்ல. அதைத் திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரை காட்டுகிறது. சென்னையில் பணிக்கரிடம் பயின்ற கானாயி குஞ்ஞிராமன், மலம்புழாவில் செய்த யட்சிச் சிற்பத்துக்குப் பிறகு, சங்குமுகத்தில் கடலைப் பார்த்தபடி சாய்ந்து கிடக்கும் சாகரகன்யகாவைச் செய்து முடித்தார். எண்பது அடிக்கும் மேல் நீளம். அந்தச் சிற்பத்துக்குச் சுற்றியுள்ள மணல்மேடும் வானமும் உடம்பின் பகுதி. 2020இல் அதன் பக்கத்தில் பழைய விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்றைக் காட்சிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சிற்பி எதிர்த்தார், பலன் இல்லை. 2022இல் அறிவிக்கப்பட்ட கேரள அரசின் 'கேரள ஸ்ரீ' விருதை, தன் சிற்பங்கள் சிதைக்கப்படுவதைச் சுட்டிக்காட்டி, ஏற்க மறுத்தார்.

விருது கொடுக்கும் கையும் சிற்பத்தின் பக்கத்தில் ஹெலிகாப்டரை நிறுத்தும் கையும் ஒன்றாக இருந்ததுதான் அங்கே நடந்த அநியாயம். கலைஞர் செய்து முடித்துவிட்டால் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை என்றாகிறது. இடத்தின் மீதும் பராமரிப்பின் மீதும் கலைஞருக்குச் சொல்லும் உரிமை எழுத்தில் இல்லாவிட்டால், கானாயிக்கு நேர்ந்தது அடுத்தவருக்கும் நேரும்.

சங்குமுகம் இன்னொன்றையும் காட்டியது. ஒக்கி, தௌதே புயல்களின் காலத்தில் கடல் கரையைத் தின்று விமான நிலையச் சாலையையே உடைத்தது. அலைக்கு அருகே கட்டிடம் எழுப்ப ஆசைப்படுபவர்கள் அந்தச் சாலை உடைந்து கிடந்த படங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

---

பெட்டிச் செய்தி: உப்புக்காற்றும் ஓவியமும்

● காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பிக்கும். சுவரிலும் கான்வாஸிலும் படிந்த உப்பு இப்படித்தான் ஓயாமல் ஈரம் ஊறவைக்கிறது.

● கான்கிரீட் சிற்பத்துக்குள் உப்பு இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் சிற்பம் உள்ளிருந்தே வெடிக்கும்.

● வெண்கலத்தில் குளோரைடு ஏறினால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். விட்டுவிட்டால் தொடர்ந்து அரிக்கும்.

● குமரிக் கடலோரமும் தென்கேரளமும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பார்க்கின்றன. பூஞ்சைக்கு ஆண்டில் இரண்டு பருவம்.

● எளிய தற்காப்பு: படங்களைக் கடல் பார்த்த வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட விரலிடை விட வேண்டும். ஆணியும் கொக்கியும் துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். துணிகளை மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் வைக்கக் கூடாது.

● சட்டமும் அதையே சொல்கிறது: 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஊரகக் கடலோரத்தில் உயரலைக் கோட்டிலிருந்து மக்கள்நெருக்கம் அதிகமுள்ள பகுதியில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 200 மீட்டரும் கட்டிடம் கட்டத் தடையுள்ள வளர்ச்சியற்ற மண்டலம்.

---

மீனவர் கீழே, ஓவியர் மேலே

இன்னொரு பாடம் கடல் கடந்து இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்றொரு மீன்பிடி ஊர். அங்கே ஆல்ஃபிரட் வாலிஸ் என்ற பழைய கடலோடி, மனைவி இறந்த தனிமையில், எழுபது வயதை நெருங்கும்போது வரைய ஆரம்பித்தார். கிடைத்த அட்டைத்துண்டு, படகுக்கு அடிக்கும் பெயின்ட், இவைதான் கருவிகள். 1928இல் பென் நிக்கல்சன் என்ற ஓவியர் தற்செயலாக அவர் படங்களைப் பார்த்தார். பிரிட்டனின் நவீன ஓவியத்தில் அந்தக் கிழவரின் படகுகளுக்கு இன்று தனி இடம். 1993இல் அந்த ஊரில் டேட் கலைக்கூடமே வந்தது. ஆனால் வாலிஸ் 1942இல் ஏழைகள் விடுதியில்தான் இறந்தார். அவர் படத்தால் ஊருக்குப் பெருமை வந்தது, அவருக்குக் கூரை வரவில்லை.

அதே ஊரில் போர்த்மியர் ஸ்டூடியோஸ் என்ற கட்டிடம் கடற்கரையிலேயே நிற்கிறது. கீழ்த்தளத்தில் மீனவர்களின் வலை, கருவிக் கிடங்குகள். மேல்தளத்தில் ஓவியர்களின் பணிக்கூடங்கள். ஓர் அறக்கட்டளை அதைப் பாதுகாத்து, இரு தரப்புக்கும் இடம் உறுதி செய்திருக்கிறது. ஊரில் வீட்டு விலை ஏறி உள்ளூர்க்காரர் வெளியேற வேண்டிவந்தபோது, 2016இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளை வெளியூரார் விடுமுறை வீடாக வாங்க முடியாதபடி விதி கொண்டுவந்தார்கள்.

பொழியூருக்கும் நீரோடிக்கும் இதில் நேரடிப் பயன் உண்டு. கலைக்கூடம் வருகிறது என்று சொல்லி வலை காயப்போடும் இடத்தை எடுத்துக்கொண்டால் ஊர் அதை ஒருநாளும் மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது. வலைக்கும் வள்ளத்துக்கும் முதலிடம் கொடுத்துவிட்டு மேலே கட்டினால், அது ஊராரின் கட்டிடம் ஆகும். அவர்களே காவலும் ஆவார்கள்.

இரண்டு அரசு, ஒரே கரை

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது. அது கேரளத்தில் நின்றது. அன்று முதல் களியக்காவிளைக்கு மேற்கே ஓர் அரசு, கிழக்கே ஓர் அரசு. கல்யாணம், சந்தை, திருவிழா எதற்கும் அந்தக் கோடு தடையில்லை. அரசின் கலைத் திட்டங்களுக்கு மட்டும் தடை. இரண்டு மாநிலங்களின் நுண்கலை அமைப்புகளும் தத்தம் மாநிலக் கலைஞர்களைப் பார்க்கின்றன. எல்லையில் இருப்பவர் இரண்டுக்கும் ஓரத்தில் இருக்கிறார்.

இரண்டு அரசும் சேர்ந்து ஒரு கலைச்செல்வத்தைக் காப்பது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனை குமரி மாவட்டத்தில் இருக்கிறது, அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் உள்ள சுவரோவியங்கள் எழுபது ஆண்டாக அந்த ஏற்பாட்டில்தான் பாதுகாக்கப்படுகின்றன. பழைய மன்னர் மாளிகைக்குச் செய்ய முடிந்ததை இன்றைய தறிக்காரருக்கும் ஓவியருக்கும் செய்ய முடியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

முதலில் சங்கம், பிறகு நிலம், அதற்கப்புறம்தான் கட்டிடம். பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், பூவார் பகுதிகளின் நெசவாளர், ஓவியர், சிற்பி, வள்ளத்துக்கு வண்ணம் தீட்டுபவர், அப்பால் விளவங்கோட்டுப் பக்கத்துக் கைவினைஞர் எல்லோரும் பங்குதாரராகும் ஒரு கூட்டுறவுச் சங்கம் வேண்டும். விற்பனையில் ஒரு பங்கை நிலத்துக்கென்று பத்திக் ஓவியர்கள் ஒதுக்கியதுபோல் ஒதுக்க வேண்டும். கசவுக் கரையில் புதிய வடிவங்களை இளம் ஓவியர்கள் வரைந்து கொடுக்கட்டும், நெய்தவர் பெயரும் வரைந்தவர் பெயரும் துணியிலேயே இருக்கட்டும். உண்மைக் கைத்தறியைத் தேடி வருபவர் ஏமாறாமல் வாங்க அதுவே சான்று.

நிலம் உயரலைக் கோட்டிலிருந்து தள்ளி, ஆனால் கடற்கரை ஊர்க்காரர் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும். பஞ்சாயத்துகள் திட்ட நிதியிலிருந்து கைகொடுக்கலாம். கொடுக்கும் நிலமும் பணமும் சங்கத்தின் பேரில், வேறு காரியத்துக்கு மாற்ற முடியாத நிபந்தனையோடு பதிவாக வேண்டும். அறிவிப்புப் பலகையும் விளக்கக் குறிப்பும் தமிழிலும் மலையாளத்திலும் சமமாக இருக்க வேண்டும். ஆண்டு வரவுசெலவில் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு வேண்டும். படைப்பை இடம் மாற்றவும் அதன் பக்கத்தில் வேறெதையும் வைக்கவும் படைத்தவரின் சம்மதம் வேண்டும் என்பது விதியாக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பெரிய நிதி வேண்டாம். சோழமண்டலம் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தது மெழுகும் சாயமும் ஒரு நல்ல ஆசிரியரும்தான். இந்தக் கரையில் தறி இருக்கிறது, உளி இருக்கிறது, கல்லூரியில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கூட்டுறவில் நூறாண்டு அனுபவமுள்ள ஒரு சங்கம் மாநிலத்திலேயே இருக்கிறது. காலம் மட்டும் தாராளமாக இல்லை. விழிஞத்துக் கப்பல்களின் பின்னால் சாலை வந்து நிலம் எட்டாத விலைக்குப் போவதற்குள் முதல் ஏக்கர் சங்கத்தின் பேரில் பதிவாகிவிட வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதை எழுப்ப ஒருவர் எழுந்து நின்றால் போதும், தொடங்கிவிடலாம்.